ராஜாவுக்கு வைத்த கரிமீசை

என் மகள் சாப்பிடும்போது போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு 'நம்ப முடியாத உண்மைகள்' மாதிரி வீடியோக்கள் பார்ப்பாள். ஒருநாள், எங்கோ ஒரு நாட்டு ராஜா மண்ணாலேயே ஒரு படையைச் செய்து, தான் செத்தபோது கூடவே புதைத்துக்கொண்ட கதை ஓடியது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனி முகமாம். "நெசமாவே நடந்ததுப்பா" என்றாள். நான் பாதிச் சோற்றில் கை கழுவினேன். என் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. அதுவும் ஒரு மண் ராஜா கொடுத்ததுதான்.

நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு காலனியில். நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் சேர்ந்து இருக்கிற இடம். வரும்போது அம்மனையும் கூட்டிக்கொண்டு வந்தோம். அதனால் திருவிழாவும் கூடவே வந்தது. பதினெட்டு நாள் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம், அன்று சாயங்காலம் தீமிதி.

படுகளத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். போரில் தோற்ற கட்சியின் ராஜாவை, முப்பது அடி நீளத்துக்கு, மல்லாக்கப் படுத்த மாதிரி தரையில் மண்ணால் செய்து வைப்போம். கிரீடம், கண், மீசை எல்லாம் உண்டு. தொடைக்குள் ஒரு சட்டி சிவப்புத் தண்ணீரைப் புதைத்து வைப்பார்கள். வேஷம் கட்டிய ராஜா அந்த உடம்பின் மேலேயே ஓடி ஓடிச் சண்டை போட்டு, கடைசியில் தொடையில் அடி வாங்கி விழுவார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். கெட்டவன் என்று பதினெட்டு நாளும் திட்டிவிட்டு, செத்ததும் அழுவார்கள். அழுது முடித்த கையோடு ஆளுக்கு ஒரு பிடி அவர் உடம்பைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப்போய், கற்பூரம் காட்டி, அரிசிக்குள் வைப்பார்கள். அந்த மண் இருக்கிற வீட்டில் குறை வராது. இதில் நான் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அதனால் அவரையும் ராஜா என்றே சொல்கிறேன். எங்கள் ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவில் மண்ணுக்குத் தட்டுப்பாடு. பழைய ஏரியில் எடுப்பதுதான் வழக்கம். அதுவும் சுரங்கத்துக்குள் போய்விட்டதால் அந்தப் பக்கம் இப்போது போக முடியாது. திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, எப்போதும் வாயைத் திறக்காத நான், "நான் ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷமே, எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. கேஸ் சிலிண்டரை மூன்று தடவை மூடிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூடப் பரீட்சை பயம் ஒரு காரணம்.

என் மச்சான் ரோடு வேலைக்கு டிப்பர் ஓட்டுகிறவன். கான்ட்ராக்டரிடம் கேட்டு, சுரங்கத்தில் வெட்டிப்போட்ட மண்ணில் ஒரு லோடு கொண்டுவந்து கொட்டினான். சாம்பல் நிறத்தில், களிம்பு மாதிரி வழவழவென்று நல்ல மண். அடியில் கருப்பாகக் கட்டி கட்டியாகக் கரி கலந்து கிடந்தது. வழியில் வண்டியை நிறுத்துவார்களோ, மழை வருமோ, மண் வெடிக்குமோ, பத்தாமல் போகுமோ என்று நான்கு நாள் நான் தூங்கவில்லை. அந்தக் கருப்பைப் பற்றி மட்டும் ஒரு நிமிஷமும் கவலைப்படவில்லை.

இதில் என்ன கொடுமை என்றால், என் வேலையே அதுதான். கரி மலைமலையாகக் குவிந்திருக்கிற யார்டில், கான்ட்ராக்டில், ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறவன் நான். எங்கள் ஊர்க் கரி காய்ந்து கிடந்தால் தானாகவே சூடேறும். ஒரு பொறி விழுந்தால் போதும். புகைகூட முதலில் வராது. மேலே கருப்பாகவே இருக்கும், உள்ளே தின்றுகொண்டே போகும். பதினோரு வருஷமாக அதை அணைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உருவம் போடுகிறவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வருவார். மற்ற நாளில் தறி நெய்கிறவர். அவர் அந்தக் கருப்புக் கட்டிகளைப் பார்த்ததும் பெயின்ட் டப்பாவை ஓரம் வைத்துவிட்டார். கரியை உடைத்துக் களிமண்ணோடு பிசைந்து ராஜாவுக்கு மீசை வைத்தார். இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு மேல். வெயிலில் காயக் காய மினுமினுவென்று வந்தது. டவுன்ஷிப் பிளாக்குகளிலிருந்துகூட வந்து அந்த மீசையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மண் கொண்டுவந்தவன் நான் என்று என் பெண்டாட்டி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டாள்.

படுகளம் பத்து மணிக்குள் முடிந்தது. வழக்கமாகத் தொடை மண்ணுக்குத்தான் அடிதடி இருக்கும். அன்று எல்லோரும் மீசைக்கு ஓடினார்கள். வலது பக்கத்தில் பாதியை என் அக்கா கொண்டுபோனாள்.

நான் அன்று காப்புக் கட்டியிருந்தேன். மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது ஐந்து வருஷம் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். அது ஐந்தாவது வருஷம். மஞ்சள் வேட்டியோடு கோயில் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி இருக்கும். ஒரு வாசனை வந்தது. லீவு போட்ட நாளில் வேலை வாசனை எப்படி வரும் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். ராஜாவின் தாடை இருந்த இடத்தில் யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். கற்பூரம் எரிந்து முடிந்து நேரமாகியிருந்தது. அதன் கீழே இருந்த ஒரு துண்டுக் கரியைச் செருப்பால் புரட்டினேன். உள்ளே சிவப்பாக இருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் இதற்குக் கற்பூரம் காட்டியிருப்பார்கள். காட்டிவிட்டு, துணியில் முடிந்து, அரிசிக்குள்ளோ கூரைக்கு அடியிலோ வைத்திருப்பார்கள். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தீமிதிக்கு வந்துவிடுவார்கள்.

முதல் வீட்டிலேயே சிரித்தார்கள். மண் சூடாக இருக்கிறதா, தொட்டுப் பாருங்கள், எதற்கும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு எடுத்துவிடுங்கள் என்றேன். அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, "ராஜா சூடாத்தான்யா இருப்பாரு, இப்பத்தானே செத்தாரு" என்றார். அடுத்த வீட்டில் அந்தம்மா சிரிக்கவில்லை. "தண்ணில கரைக்கறதுக்கு அது இன்னா சாம்பலா? நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசற" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வீட்டில் மட்டும் கேட்டார்கள். இரண்டிலும் ஆண்கள் யார்டில் என்னோடு வேலை செய்கிறவர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஓடினார்கள். மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ராஜாவின் உடம்பில் தப்பான மண்ணைப் போட்டவன் நான்தான் என்பதையும் சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு வாசலிலும் அந்த இடத்தை மட்டும் விழுங்கிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

ராஜா வேஷம் கட்டியவர் ஆடிய அலுப்பில் வேஷத்தோடு தூங்கிவிட்டு, அப்போதுதான் எழுந்து குழாயடியில் தேங்காய் எண்ணெய் போட்டு முகச் சாயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்று கெஞ்சினேன். அவர் பாதி முகம் சிவப்பும் பாதி முகம் சொந்த நிறமுமாக என்னைப் பார்த்தார்.

"நான் காலையிலியே செத்துட்டேங்க. செத்தவன் எந்திரிச்சி வந்து, என் மீசைய குடுங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டது. தீ மிதிக்கிறவர்கள் குளித்துவிட்டுக் கரகத்தோடு புறப்படுகிற நேரம். நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

காலனியில் இன்னும் கீற்றுக் கூரை போட்டிருக்கிற ஐந்தாறு வீடுகளில் என் அக்கா வீடும் ஒன்று. பழைய ஊரில் எங்களுக்கு நிலம் கிடையாது. கூலிக்குப் போனவர்கள் நாங்கள். மாமா இறந்த பிறகு அவள் டவுன்ஷிப்பில் மூன்று குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்து மகனை ஐடிஐ படிக்க வைத்தாள். அவன் அப்போது ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தான். பெர்மனென்ட் லிஸ்ட் வருகிறது, வருகிறது என்றார்கள். அக்காவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

மண் எங்கே என்று கேட்டேன். மூலையில் இருந்த நீல பிளாஸ்டிக் டிரம்மைக் காட்டினாள். ரேஷன் அரிசி. அதன் மேல் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாளாம். டிரம்முக்கு நேர் மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில், காய்ந்த கீற்று. நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன், நான் கொண்டுவந்த மண்ணில் கரி இருந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டதையும் சேர்த்து. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு டிரம்முக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"அது வூட்டுக்கு வந்துட்டுதுடா. எடுத்து வெளில போட்டுட்டு, என் புள்ளைக்கு லிஸ்ட்டுல பேரு வரலன்னா நீ பதில் சொல்றியா?"

நான் கூரையைக் காட்டினேன். சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி என்றாள். மாட்டுக்குப் பயந்தது, கிணற்றுக்குப் பயந்தது எல்லாம் வரிசையாக எடுத்துச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

தெருவில் பம்பைச் சத்தம் கேட்டது. கரகம் போய்க்கொண்டிருந்தது. நீ போகவில்லையா, நேரமாகிறதே என்றாள். வயிறு சரியில்லை, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அதைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எரிந்தால் அணைக்கலாம், எரியாவிட்டால் அப்படியே போய்விடலாம் என்று ஒரு குடம் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். குண்டத்தில் நெருப்பைத் தள்ளிப் பரப்புகிற சத்தம், கூட்டத்தின் சத்தம் எல்லாம் கேட்டது. முதல் ஆள் இறங்கிவிட்டான் என்பது தெரிந்தது. என்னைத் தேடுவார்கள். ஐந்தாவது வருஷம். மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற நினைப்பு வந்ததும் எழுந்தேன். வாசல் வரை போனேன். அப்போது பிளாஸ்டிக் இளகுகிற வாசனை வந்தது.

மூடியைத் திறந்து கையை விட்டேன். அரிசி சோறு மாதிரி சூடாக இருந்தது. துணி பாதி இல்லை. சுற்றியிருந்த அரிசி வறுத்த மாதிரி பழுப்பாக இருந்தது. யோசிக்காமல் கையாலேயே எடுத்துவிட்டேன். குடத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் இரண்டு அடிதான். அந்த இரண்டு அடிக்குள் உள்ளங்கை போய்விட்டது. தண்ணீருக்குள் போட்டதும் சுர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் ராஜாவின் மீசை. கருப்பாகக் கரைந்து குடத்தின் அடியில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்று வரை என்னாலேயே நம்ப முடியவில்லை. பின்பக்கம் போய் ஒரு பிடி மண் எடுத்தேன். சோற்றுப் பானையின் அடியில் பிடித்திருந்த கரியைச் சுரண்டி அதில் போட்டேன். இடது கையால் பிசைந்து பாதி மீசை மாதிரி வளைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சிலை அதுதான். அடுப்புச் சூட்டில் காட்டி ஈரத்தை வாங்கினேன். முடிவதற்குத் துணி வேண்டும். தீ மிதிக்கக் கட்டியிருந்த என் மஞ்சள் வேட்டியின் ஓரத்தைக் கிழித்தேன். கருகிய அரிசியை அள்ளி வெளியே போட்டுவிட்டு, அதை மேலே வைத்து மூடினேன்.

அக்கா திரும்பி வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் மிதித்துவிட்டார்கள், உன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள் என்றாள். என் கையைப் பார்த்துவிட்டு விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்தாள். அடுப்பில் பட்டுவிட்டது என்றேன்.

"நெருப்புல நடக்காமலே சுட்டுகினியேடா" என்றாள். தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டாள்.

அன்று வேறு ஒரு வீட்டில் உத்தரத்தில் கட்டியிருந்த முடிச்சு தீப்பிடித்து, ஒரு மூலைக் கீற்று எரிந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் அணைத்துவிட்டார்கள். காப்புக் கட்டியவன் ஒருவன் தீ மிதிக்காமல் ஓடிப்போனதால் வந்த கோளாறு என்று பேசிக்கொண்டார்கள். காலனியில் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால், தீப்பெட்டி இருக்கிறதா என்று கிண்டலாகக் கேட்பார்கள். பெண்டாட்டி மண் பேச்சையே எடுப்பதில்லை. அடுத்த வருஷம் மிதித்து வேண்டுதலை முடித்துவிட்டேன். ஆனால் அது ஐந்தா, இல்லை விட்டுப்போன பிறகு மறுபடி ஒன்றா என்ற கணக்கு எனக்கு இன்னும் சந்தேகம்தான். மகளுக்குத் தலைவலி என்றால்கூட முதலில் அவள் கண்ணைத்தான் பார்க்கிறேன், மஞ்சளாக இருக்கிறதா என்று.

லிஸ்ட் வந்தது. அக்கா மகன் பெயர் இல்லை. ஆறு வருஷம் ஒன்பது வருஷமாகிவிட்டது, அவன் இன்னும் அதே கான்ட்ராக்ட் பஸ்ஸில்தான் போகிறான். வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். அவனைவிட சீனியர்கள் இருக்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால் நான் தெரு மாறிப் போய்விடுகிறேன்.

புது மண் வந்தால் பழையதை எடுத்து மரத்தடியில் போட்டுவிடுவதுதான் வழக்கம். போன திருவிழாவில் அந்தச் சாக்கில் அதை எடுத்துவிடலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் விடவில்லை. பையன் பெயர் லிஸ்ட்டில் வருகிற வரைக்கும் இது இங்கேயேதான் இருக்கும் என்றாள். முடிச்சை அவிழ்த்து, தட்டில் வைத்து, கற்பூரம் காட்டினாள். எனக்கும் காட்டினாள். நான் ஒற்றிக்கொண்டேன்.

"இங்க பாரு தம்பி, வெரலு பதிஞ்ச மாதிரியே இருக்குது. ராஜா தன் கையால முறுக்கி உட்டாப்பல இல்ல?"

நான் குனிந்து பார்த்தேன். என் இடது கையின் நான்கு விரலும் வரிசையாக இருந்தன.

"ஆமாக்கா" என்றேன்.