செல்மியாவின் தொழுகை விரிப்பு

எங்கள் பாலைவனப் பள்ளத்தாக்கின் இடுக்கில் நுழைந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. செல்மியா போட்ட சட்டம் அது. அவள் ஆடு மேய்க்கிறவள்; ஊர் பார்க்க வருகிற விருந்தாளிகளுக்கு வழிகாட்டுகிறவளும் அவள்தான். ஓர் ஆள் அகலப் பாதையில் அரை மணி நேரம் போனால், சிவப்பும் மஞ்சளுமாக வரியோடிய பெரிய பாறைச் சுவர். அதனடியில் அவள் தொழுவாள். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். அவர்களை ஏற்றி வந்த நான் வெளியே ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரிப்பேன்.

"கல்லைப் பாத்துட்டு என்ன அழுகை, அக்கா?"

"உள்ள வந்து பாத்துட்டுச் சிரி, ஸ்வேலிம்."

போன மாதம் அவள் வழுக்கி விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டாள். கெய்ரோவில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. மறுபடி நடப்பாளா என்பதற்கு டாக்டரே பிடிகொடுக்கவில்லை. கெய்ரோ போவதற்குள் அந்தச் சுவரடியில் ஒரு தடவை தொழ வேண்டும் என்றாள். தூக்கிப் போக இரண்டு பேரைக் கேட்டாள்: நான், என் தம்பி ஃப்ரேஜ்.

நானும் அவனும் பேசி நாலு வருஷம். பள்ளத்தாக்கு வாயிலில் ஒரு வேல மரம். வெளியூர் போகும்போது எங்கள் ஆட்கள் மூட்டையை அதில் கட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். எத்தனை மாதமானாலும் சொந்தக்காரன் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வானம் கறுத்தது. அதில் தொங்கிய தம்பி மூட்டை நனையுமே என்று அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் கிறுக்குப் புத்தி. அவன் நாலு பேர் முன்னால் என்னைத் திருடன் என்றான்.

"வேற ஆளே கிடைக்கலையா, அக்கா?"

"இடுக்குல பேசக் கூடாதுல்ல? நீங்க நாலு வருஷமாப் பழகி வெச்சிருக்கீங்க."

அவளை முதுகில் சுமந்தேன். அவன் பின்னால் அவள் காலைத் தாங்கி வந்தான். வழியை அடைத்த பாறை வந்ததும் அவன் மேலே ஏறினான். நான் கீழே நின்று அவளைத் தோளில் உயர்த்தினேன். பாதி வழியில் அவள் சரிந்தாள். மேலே நடப்பது எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே, சாயாத. பிடிச்சுட்டேன்."

"விட்டுடாதடா."

"விடமாட்டேன்."

சுவரடியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே தொழுதாள். வலியில் முகம் வேர்த்திருந்தது. ஆனாலும் அப்படி ஒரு நிம்மதியை யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. அண்ணாந்து பார்த்தேன். எத்தனை பெரிய சுவர், அதற்கு முன்னால் என் வீம்பு எம்மாத்திரம் என்று தோன்றியது. சிரித்த நானே அழுதேன்.

"அன்னைக்கு உன் மூட்டையைத் தொட்டது தப்புடா."

"தொடலன்னா நனைஞ்சுதான் போயிருக்கும்," என்றான் ஃப்ரேஜ்.

"இங்கயும் பேச்சா?" என்றாள் செல்மியா. ஆனால் அவள் கோபப்படவில்லை.

திரும்பும்போது தன் தொழுகை விரிப்பைச் சுருட்டி வேல மரத்தில் தொங்கவிடச் சொன்னாள்.

"நானே நடந்து வந்து எடுப்பேன். மழை பெஞ்சாலும் யாரும் தொடக் கூடாது. முக்கியமா நீ, ஸ்வேலிம்."

அவள் கெய்ரோ போய் மூன்று வாரம் ஆகிறது. நேற்று நல்ல மழை. ஃப்ரேஜும் நானும் ஜீப்பில் உட்கார்ந்து விரிப்பு நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருமே இறங்கவில்லை.