கணக்குப் பிரிவுக்கு ஒரு கிரிவலம்

எங்கள் கல்லூரியில் மாணவர்கள் கோஷம் போடக்கூடாது, கும்பலாக உட்காரக்கூடாது, உண்ணாவிரதம் இருக்கக்கூடாது, பதாகை பிடிக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. அதை எழுதியவன் நான்தான். வணிகவியல் பேராசிரியன், கமா எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவன் என்பதால் இந்த மாதிரி வேலைகள் என்னிடம் வந்து சேரும். எல்லாவற்றையும் தடுத்தாகிவிட்டது என்ற திருப்தியோடு கையெழுத்துக்கு அனுப்பினேன். நடப்பதைத் தடுக்க மறந்துவிட்டேன். திருவண்ணாமலையில் இத்தனை வருடம் குடியிருப்பவன் மறக்கிற விஷயமா அது?

அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் ஒன்றும் என் பெயரில் உண்டு. சில வருடங்களுக்கு முன் கல்லூரி அறக்கட்டளையின் பணத்தை எதில் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். சொந்தப் பணத்தை ஈமு கோழியில் போட்டுவிட்டு, ஒரு முட்டையைக்கூடக் கண்ணால் பார்க்காதவனிடம் கேட்டார்கள். ஒரு நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் கடன் பத்திரங்களை வாங்கச் சொன்னேன். அதில் வரும் வட்டியில்தான் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை.

போன வருடம் மற்றத் துறை மாணவர்களுக்கு 'சேமிப்பும் முதலீடும்' எடுத்துக்கொண்டிருந்தேன். உதாரணம் வேண்டுமே என்று என் பழைய சாதனையைப் பெருமையோடு பலகையில் எழுதினேன். தாவரவியல் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். உதவித்தொகையில் படிக்கிறவள், விடுதியில் தங்கியிருப்பவள்.

"சார், அந்தக் கம்பெனி பேரு இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

"அவங்க சுரங்கம் எங்க ஊருக்குப் பக்கத்துலதான் சார். கிணத்துல தண்ணியே இல்ல. ஊருல பாதிப் பேரு நெலத்தைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்கப்பாவும் இன்னும் கொஞ்சப் பேரும்தான் குடுக்கமாட்டேன்னு நிக்கறாங்க. அவங்க காசுலயா சார் நான் படிக்கிறேன்?"

மணி அடித்தது. மணியை அப்படி நேசித்த ஆசிரியன் வேறு யாரும் இருக்கமாட்டான்.

வெளியே வந்து மீதியைச் சொன்னாள். "வர்ற பௌர்ணமிக்கு அப்பா ஊருக்காரங்களோட வேன்ல கிரிவலம் வர்றாரு சார். உன் ஃபீஸை யாரும்மா கட்டறாங்கன்னு ஒவ்வொரு வாட்டியும் கேப்பாரு. தெரியாதுன்னு சொல்வேன், நெஜமாவே தெரியாது. இப்ப தெரிஞ்சுபோச்சே. ஒண்ணு பொய் சொல்லணும், இல்லன்னா படிப்பை வுட்டுட்டு அதே வேன்ல ஏறணும்."

அவளுக்கு ஒரு தோழி. கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை விவசாயியின் மகள், இயற்பியல் மாணவி, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். அவள் நாற்பது பேரைத் திரட்டினாள். சுரங்கத்தில் போட்ட பணத்தை வெளியே எடுங்கள் என்று மூன்று முறை மனு கொடுத்தார்கள். மூன்றும் குறிப்பு எழுதச் சொல்லி என்னிடமே வந்தன. மூன்றிலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

பௌர்ணமிக்கு முதல்நாள் தோழி சுற்றறிக்கையோடு வந்தாள். "சார், இதை நாலு வாட்டி படிச்சுட்டோம். நடக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்லீங்களே?"

"இல்லை."

"அப்ப நடக்கறோம். நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"வாங்கச் சொன்னது நீங்கதானே சார்?"

மறுநாள் நாலு மணிக்கு அறக்கட்டளைக் கூட்டம். மூன்று மணிக்கு நாற்பது பேரும் செருப்பைக் கழற்றினார்கள். 'கரிக் காசு வேண்டாம்' என்று எழுதிய தாளை நெஞ்சில் குத்திக்கொண்டு, நிர்வாகக் கட்டடத்தை வலப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தார்கள். கிரிவலப் பாதைக்குப் பதினான்கு கிலோமீட்டர், கட்டடத்துக்குப் பதினான்கு சுற்று. நானும் வரிசையின் வாலில் சேர்ந்தேன். ஷூவைக் கழற்றிய பிறகுதான் சாக்ஸில் இருந்த ஓட்டை சபைக்கு வந்தது. சாக்ஸையும் கழற்றினேன். சிமெண்டுத் தரை தோசைக்கல் மாதிரி இருந்தது. நான் நடக்கவில்லை, குதித்தேன்.

எங்கள் கல்லூரி அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அறங்காவலர்களின் கார்களுக்காக கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். நாற்பது பேர் வெறுங்காலோடு எதையாவது வலம் வந்தால், இந்த ஊரில் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவது சுற்றில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். நான்காவதில் ஒரு பஸ்.

"உள்ள கோயில் இல்லீங்க, காலேஜுங்க!" என்று வாட்ச்மேன் கத்தினார். அவரை ஒருவரும் நம்பவில்லை.

ஆந்திராவிலிருந்து வந்த அம்மாள் ஒருவர், உள்ளே எந்த தேவுடு என்று என்னைக் கேட்டார். "அக்கவுண்ட்ஸ் செக்ஷன்" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். ஐந்தாவது சுற்றில் வாசற்படியில் கற்பூரம் எரிந்தது. ஆறாவதில் நீர்மோர் வண்டி ஒன்று உள்ளே திரும்பியது. காசாளர் ஜன்னலில் ஒருவர் தேங்காயை நீட்டி அர்ச்சனைச் சீட்டு கேட்க, காசாளர் தலை நிமிராமல் "எந்த டிபார்ட்மென்ட்?" என்றார்.

தாளாளர் வெளியே வந்தார். கல்லூரியை நடத்துபவர், ஒரு பௌர்ணமியையும் விடாதவர். எங்களைத் திட்டுவதற்காகத் தூக்கிய விரல், கற்பூரத்தைப் பார்த்ததும் இன்னொரு கையைத் தேடிப்போய்க் கும்பிட்டுவிட்டது. கால்கள் தாமாகச் செருப்பை விட்டு இறங்கின. கூட்டம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. வலம் தொடங்கிவிட்டால் பாதியில் திரும்பக்கூடாது, எதிர்த் திசையில் நடக்கவே கூடாது. இதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஆகவே ஒரு முழுச் சுற்று அவர் எங்களுக்குக் கிடைத்தார். தாவரவியல் பெண் அவர் பக்கத்தில் போய் நடந்தாள். கிணற்றைப் பற்றிச் சொன்னாள், காலியான வீடுகளைப் பற்றிச் சொன்னாள்.

"ஐயா, அப்பா ஆறு மணிக்கு வந்துடுவாரு. அவருகிட்ட நான் இன்னா சொல்லட்டும்?"

"உனக்கு வேற பணத்துல குடுத்துட்டா போதுமாம்மா?"

"எனக்கு மட்டும் மாத்துனா கெணறு ஊறாதுங்கய்யா. நாம அவங்ககிட்ட குடுத்து வச்சிருக்கறதை எடுத்துடணும்."

"வட்டி கம்மியாயிடும். உதவித்தொகையும் கம்மியாகும்."

"கம்மியாவே குடுங்க" என்றது பின்னாலிருந்து கீழ்பென்னாத்தூர்க் குரல். "பசிச்சா எங்க வீட்டு வேர்க்கடலை இருக்கு, மூட்டையா கொண்டாரேன்."

தாளாளர் நடந்தபடியே குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "யாருய்யா இதை வாங்கச் சொன்னது?" என்றார்.

வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஒன்றும் புரியாமல் ஆந்திர அம்மாளும் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன், ஒற்றைக் காலில் நின்றபடி.

"அப்ப விக்கச் சொல்றதையும் நீங்களே எழுதுங்க. இப்பவே."

படியில் உட்கார்ந்து தீர்மானத்தை எழுதினேன். பரிசீலனை என்ற சொல் இல்லாமல் நான் எழுதிய முதல் ஆவணம் அது. 'முன்பு நான் சொன்ன யோசனை தவறு' என்பதையும் சேர்த்துக்கொண்டேன். எழுதியதும் ஏனோ சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. வெளியே இத்தனை பேர் வலம் வந்துகொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து மாட்டேன் என்று சொல்ல அறங்காவலர்களில் யாருக்கும் துணிவில்லை. பத்திரங்களை விற்பது, இந்த வருடத்து உதவித்தொகையில் விழும் துண்டைத் தாங்களே ஏற்பது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. அப்பா இறங்கியதும் கேட்டது அதே கேள்விதான். அவள் தீர்மானத்தை உரக்கப் படித்தாள். அவர் கடைசி வரி வரை கேட்டார்.

"இதுவரைக்கும் அவங்க காசுதானா?"

"ஆமாம்பா. தெரியாம இருந்துட்டேன்."

அவர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரிஞ்சதும் நிறுத்திட்டியே" என்றார். "நான் ஆபீஸ் ஆபீஸா ரெண்டு வருஷமா நடக்கறேன். ஒருத்தன் ஒரு கையெழுத்து போடல. நீ ஒரு மத்தியானத்துல வாங்கிட்ட."

தோழி என்னை முன்னால் தள்ளினாள். "வாங்கச் சொன்னதும் இவருதான், விக்கச் சொன்னதும் இவருதான்!"

"அப்ப பேப்பர் வெவரம் தெரிஞ்சவரு" என்றார் அப்பா. "சார், இழப்பீடுன்னு கம்பெனிக்காரன் கட்டு கட்டா பேப்பர் குடுத்துருக்கான். எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. ஊருக்கு வந்து படிச்சுச் சொல்லணும்."

"ஞாயிற்றுக்கிழமை வர்றேனுங்க."

"இன்னிக்கே வாங்க. மலையைச் சுத்திட்டு வேன் நேரா ஊருக்குத்தான்."

இடம் இருக்காதே என்று இழுத்தேன். அவர் மகளைப் பார்த்தார்.

"ஃபீஸு யாரு காசோன்னு சந்தேகமாவே இருந்துச்சு. இவளைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடுமோன்னு ஒரு சீட்டு வுட்டு வச்சிருந்தேன்."

"அதுல சார் ஒக்காரட்டும்பா" என்றாள் அவள். "எனக்கு நாளைக்குக் காலையில லேப் இருக்குது."