எனக்குப் பதினேழு நாள் முன்னே புறப்பட்ட பெட்டி

நான் நுவரெலியாவுக்குப் புறப்பட்டது எந்த நாள் என்பதில் எங்கள் வீட்டில் இன்னமும் இரண்டு கருத்து உண்டு. ஐம்பத்தைந்தாம் ஆண்டு, புரட்டாதி பத்தொன்பது, புதன்கிழமை விடியற்காலை என்பது என் கருத்து. இல்லை, புரட்டாதி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு என்பது மனைவியின் கருத்து. என் நாட்குறிப்பைப் புரட்டினால் இரண்டு புறப்பாடும் என் கையெழுத்திலேயே பதிவாகியிருக்கின்றன. ஆகவே யாரையும் பொய்யர் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அப்போது நான் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாகத் தற்காலிக எழுதுவினைஞன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேலையை நீட்டிக் கடிதம் வரும். நிரந்தரமாக்க வேண்டுமானால் நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். அதுவும் முப்பது வயதுக்குள். வரும் தை மாதம் எனக்கு முப்பது. இந்த நிலையில்தான், நுவரெலியாவில் நேர்முகத் தேர்வு, வியாழன் காலை பத்து மணிக்கு வரவும் என்று கடிதம் வந்தது. "எந்தச் சீதோஷ்ணத்திலும் கடமையாற்றும் உடற்தகுதி இருத்தல் வேண்டும்" என்ற வரியின் கீழ் தட்டச்சில் கோடு போட்டிருந்தார்கள். இது தவறினால் மறு அழைப்பு வருவதற்குள் எனக்கு வயது போய்விடும். எனக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

கடிதம் கிடைத்த அன்றே நான் ஒரு தாளில் கட்டம் கீறினேன். அந்தப் பருவத்தில் நம் கரையில் கச்சான் காற்று ஓய்ந்து வெக்கை பிடுங்கும். வழியில் மொனராகலைப் பக்கம் இடியோடு மழை. மலையில் காலை வெயில், மதியம் மூடுபனி, பின்னேரம் தூறலோடு குளிர். இந்த ஐந்துக்கும் ஒரே பெட்டி. எடுக்கும் உடுப்பு ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று வானிலைக்கு உதவ வேண்டும் என்பது என் விதி. இதன்படி வெள்ளை டிரில் கோட்டும் காற்சட்டையும், இரண்டு சட்டை, ஒரு டை, இரண்டு சாரன், ஒரு துவாய், சிவப்புத் துருக்கித் தொப்பி எல்லாம் ஒரு சிறிய தோற்பெட்டிக்குள் அடங்கின. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒன்பது உருப்படிகளால் இருபத்திரண்டு விதமாக உடுத்தலாம் என்று வந்தது. எனக்குப் பெரிய திருப்தி.

கணக்கில் விடுபட்டது எங்கள் பிறைக் கணக்கின் ஸபர் மாதம். ஸபரில், அதிலும் புதன்கிழமையில், பயணம் புறப்படக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் பிடிவாதம். எங்கள் வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில் குடியிருந்தவன். வீட்டு நிர்வாகம் மாமியுடையது. அவர் என்னோடு நேரே கதைப்பதில்லை. அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார்.

"மகள், ஸபர்ல புதன் பாத்து ஆராவது வெளிக்கிடுவாங்களா எண்டு அவருக்கிட்ட கேளு."

"மாமி, மார்க்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. பள்ளிவாசல் லெப்பையே சொல்லியிருக்கிறார்" என்றேன்.

"லெப்பைக்கு மருமகன் நாலு பேர் இரிக்கி. என்ர மகளுக்கு ஒரு புருசன்தான் எண்டு செல்லு."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். காரைதீவில் எனக்கு ஓர் ஆசிரியர் நண்பர் இருந்தார். புத்தகம் மாற்றிப் படிப்பதில் தொடங்கிய நட்பு. நாள் சரியில்லாதபோது அவர்கள் ஆட்களான இந்துக்கள், நல்ல நேரம் பார்த்துப் பயண மூட்டையை மட்டும் முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள் என்றும், மூட்டை புறப்பட்டுவிட்டால் ஆள் புறப்பட்டதாகவே அர்த்தம் என்றும் சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட வழக்கங்களைக் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. அன்று அதை ஒரு விந்தை போல வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

திரைக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

"ஸபர் பிறை எப்ப?" என்று மட்டும் கேட்டது.

நாள் விஷயத்தில் என்னால் தவறான பதில் சொல்ல முடியாது. "ஞாயிறு பொழுதுபட்டு மஃரிபோடு மாதம் பிறக்கும்" என்றேன்.

ஞாயிறு பின்னேரம், பிறை பிறக்குமுன், அஸர் முடிந்ததும் என் மச்சான் சைக்கிளில் வந்தார். மருதமுனையில் கலியாணம் முடித்து அங்கேயே தறி போட்டு நெய்பவர், மனைவி காக்கா என்று கூப்பிடும் அண்ணன். காரைதீவு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகப் பெட்டியைக் கரியரில் கட்டினார். மாமி யாசீன் ஓதினார். மனைவி கண்ணைத் துடைத்தாள். தெருமுனை வரை எல்லோரும் பெட்டியை வழியனுப்பினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. காரைதீவு பொத்துவில் றோட்டிலேயே இருப்பதால், போகும் வழியில் நான் பெட்டியை ஏற்றிக்கொள்வது ஏற்பாடு.

மறுநாளிலிருந்து மாமி மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பின், "அல்லாஹ்வே, பயணத்தில இரிக்கிற என்ர மருமகன நோய்நொடி இல்லாமக் காப்பாத்து" என்று உருக்கமாகத் துஆச் செய்வார். அந்த மருமகன் அடுத்த அறையில் சோறு தின்றுகொண்டிருப்பான். மறுசோறு கேட்டால் மனைவி, "பயணத்தில இரிக்கிற ஆளுக்கு வயிறு லேசா இரிக்கோணும்" என்பாள். என் நல்ல உடுப்பெல்லாம் பெட்டியில். கழுத்துப்பட்டி கிழிந்த சட்டையோடு அலுவலகம் போனேன். தலைமை எழுதுவினைஞர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐசே, நேர்முகத் தேர்வுக்கு முதலே வேலைய விட்டிட்டீரா?" என்றார்.

வானிலையும் மாறத் தொடங்கியது. பெட்டி போன நான்காம் நாள் நற்பிட்டிமுனைப் பக்கம் ஆலங்கட்டி விழுந்ததாக ஒரு கதை வந்தது. ஊரிலேயே ஆலங்கட்டி என்றால் மலையில் என்ன விழும் என்று மாமி யோசித்தார். கடையில் ஒருவர், நுவரெலியாவில் ஆட்களின் காது உதிர்வதுண்டு என்று சொல்லிவைத்தார். திரைக்குப் பின்னால் பொருட்கள் சேர ஆரம்பித்தன.

இரண்டு விதிகளை மாமி கண்டிப்பாக வைத்திருந்தார். புறப்பட்ட பெட்டி திரும்பி வரக்கூடாது. அதிலிருந்து எதையும் எடுக்கவும் கூடாது. எடுத்தால் பயணம் குறையும். சேர்க்கலாம். காரைதீவில் நண்பரின் மனைவி மூன்றாவது விதி ஒன்று போட்டார்: பயணத்தில் இருக்கும் பெட்டியை இடையில் திறக்கக்கூடாது. ஆகவே சேர்ப்பதையெல்லாம் பெட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். மச்சான் ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் போய்க் கட்டிவிட்டு வந்து எனக்கு அறிக்கை தருவார்.

"மச்சான், இண்டைக்குப் பிளனல் பெனியன் ரெண்டு. ஆரோ தோட்டத்துக் கடையில வேல செஞ்சவருட்ட கம்பளிச் சுவெட்டர் ஒண்டும் கிடைச்சிது. அவர் ஆறடி. கையைச் சுருட்டிக்கங்க."

"போதும் மச்சான். என் கட்டத்தின்படி ஒன்பது உருப்படி..."

"கட்டத்த உடுங்க. நான் உங்களுக்கெண்டு ஒண்டு நெய்றன். ரெட்டை நூல். உடுத்தாச் சாரன், மூடினாப் போர்வை, சுத்தினாத் தலைப்பா, விரிச்சாத் தொழுகைப் பாய். ஒரே துணி!"

என் கொள்கை அவர் தறிக்குள்ளும் புகுந்துவிட்டது என்று உள்ளூர மகிழ்ந்தேன். அந்தத் துணியைத் தனியாளாய் மடிக்க முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

புதன் விடியற்காலை வந்தது. சாய்ந்தமருதிலிருந்து ஒரு லொறி வாராவாரம் மலைக்குக் கருவாடு ஏற்றிப்போய் மரக்கறி ஏற்றி வரும். அதில் முன்சீற்று சொல்லி வைத்திருந்தேன். நான் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டவன் என்பதால் அன்று வீட்டில் புறப்பாடு எதுவும் நடக்கக்கூடாது. சப்பாத்து போட்டால் புறப்பாடு. குடை எடுத்தால் புறப்பாடு. சட்டை போட்டாலே சந்தேகம். கடைசியில் பழைய சாரனும் கைபெனியனும் செருப்பும், கையில் ஓர் ஓலைக் கூடையுமாக, மீன் வாங்கப் போகிறவனைப் போல என்னை வாசலில் விட்டார்கள்.

"நல்ல மீனாப் பாத்து வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. அதற்குள் அழத் தொடங்கிவிட்டாள்.

"மகள், அழாத. மீனுக்குப் போறவருக்கு ஆராவது அழுவாங்களா?" என்றது திரை. அதன் குரலும் நன்றாக இல்லை.

லொறிச் சாரதி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிளாக்கர், இன்டவியூவுக்கெண்டல்லோ சொன்னாங்க?"

"ஓம். உடுப்பெல்லாம் காரைதீவில் நிக்கிது."

காரைதீவில் அது நின்றது. நண்பர் வீட்டு வாசலில், பெட்டி நடுவில் எங்கோ இருக்க, ஒரு கன்றுக்குட்டி அளவு மூட்டை. நண்பரும் சாரதியும் முன்கூட்டியே சைக்கிளில் வந்திருந்த மச்சானும் தூக்கிக் கருவாட்டுச் சாக்குகளின் நடுவில் போட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். உடுப்பு மாற்ற வேண்டும் என்றேன்.

"மொனராகலையில தேத்தண்ணிக்கு நிப்பாட்டுவன். அங்க மாத்துங்க. இப்ப நேரமில்ல" என்றார் சாரதி.

மொனராகலையில் மழை கொட்டியது.

"கட்டை அவிழ்க்கிறீங்களா?"

"கிளாக்கருக்கு விளையாட்டா? கருவாடு நனைஞ்சா முதலாளி என்னைக் காயப்போடுவாரு."

அதற்குப் பிறகு லொறி ஏற ஏறக் குளிர் ஏறியது. பண்டாரவளையில் என் பல் தந்தி அடித்தது. வெலிமடையில் சாரதி இரக்கப்பட்டு ஒரு வெற்றுச் சாக்கு தந்தார். அதைப் போர்த்து, ஓலைக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். ஐந்து வானிலைக்குமான உடுப்பு என் முதுகுக்கு மூன்றடி பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் அதுவரை கேள்விப்பட்ட பயணிகளில் என்னளவு ஆயத்தம் செய்தவன் யாருமில்லை. பெனியனோடு மலையேறியவனையும் நான் கேள்விப்பட்டதில்லை.

நுவரெலியாவில் கருவாட்டு மண்டியின் பின்னறையில் இடம் தந்தார்கள். மூட்டையை அவிழ்த்தேன். பிளனல் பெனியன் இரண்டையும் போட்டேன், குளிர் நிற்கவில்லை. சுவெட்டரைப் போட்டேன், நிற்கவில்லை. மச்சானின் துணியை மார்பிலும் வயிற்றிலும் சுற்றினேன். அப்போதுதான் உயிர் வந்தது. வியாழன் காலையில் அதில் ஒன்றைக்கூடக் கழற்ற எனக்குத் துணிவில்லை. எல்லாவற்றின் மேலும் சட்டை, அதன் மேல் டிரில் கோட்டு. மேல் பொத்தான் மட்டும் பூட்டியது. தொப்பியும் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பதவி உயர்ந்தவன் போல இருந்தது.

மணத்தை நான் உணரவில்லை. இரவெல்லாம் மண்டியில் படுத்தவன் மூக்குக்கு அது தெரியாது.

தேர்வு அறையில் மேசைக்குப் பின்னால் மூவர். சுவரோடு கட்டிய கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு முன் போன இருவர் மெல்லிய கோட்டோடு நடுங்கியபடியே வெளியே வந்திருந்தார்கள். என்னைக் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். இரண்டாவது கேள்வியில் என் நெற்றி வியர்த்தது. மூன்றாவதில் தலைவர் மூக்கை உறிஞ்சினார். மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் உறிஞ்சினார்கள்.

"ஜன்னலைத் திறவுங்கள்" என்று தலைவர் ஆங்கிலத்தில் சேவகனிடம் சொன்னார்.

ஜன்னல் திறந்ததும் மூடுபனி உள்ளே வந்து கோப்புகளின் மேல் உட்கார்ந்தது. வலப்பக்கத்தவர் மப்ளரை இறுக்கினார். இடப்பக்கத்தவர் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் கன்னத்தில் வியர்வை இறங்கி ஓடி நாடியில் சொட்டியது.

"இந்த இடம் உங்களுக்குக் குளிரவில்லையா?" என்று தலைவர் கேட்டார். அவருடைய பேனா நடுங்கியது.

உண்மையைச் சொல்வதானால் பிளனலில் தொடங்கி ஸபர் மாதம் வரை போக வேண்டும். "இல்லை, ஐயா" என்றேன். அது உண்மைதான்.

"கரையோரத்தில் பிறந்தவர் என்று இருக்கிறதே?"

"ஓம், ஐயா. கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது, ஐயா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவர் என்னை அருகில் வரச் சொல்லி உற்றுப் பார்த்தார். பிறகு அவசரமாகத் தள்ளி நிற்கச் சொன்னார். கோப்பில் நீளமாக ஏதோ எழுதினார். போகலாம் என்றார். வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் நின்று கோட்டைத் திறந்தேன். உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. வேலை போய்விட்டது, தை மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று அங்கேயே நின்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பியும் அதையேதான் சொன்னேன்.  மனைவி அன்று சோற்றை நிறையப் போட்டாள்.

ஆறு வாரம் கழித்து, மாரி நன்றாகப் பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கடிதம் வந்தது. நிரந்தர நியமனம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா வாசிங்க" என்றாள். வாசித்தேன். அடுத்த பந்தியையும் வாசித்தேன். குளிர்ப் பிரதேசத்துக்கு அசாதாரணமான உடற்தகுதி உடையவர் எனத் தேர்வுக் குழு விதந்துரைத்தபடியால், மேற்படி அலுவலர் நுவரெலியாவிலேயே கடமையேற்க வேண்டும் என்றிருந்தது.

மூன்று ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தேன். ஒருநாளும் வியர்க்கவில்லை.