தலைவர் மூன்று தரம் இடைமறித்தார்

காரைநகர் போகும் படகுக்காக ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. "தலைவர், ரெஜினா அக்கா மோசம் போயிட்டா" என்றார் எங்கள் சங்கப் பொருளாளர். அழுதுகொண்டே, "சாந்தமான மனிசி, ஒருத்தரையும் நோகடிக்காதவ எண்டு அஞ்சலியில எழுதுங்கோ" என்றும் சொன்னார். எழுத மாட்டேன். அவரை அறிந்த உங்களிடம் அந்தப் பொய்யை எப்படிச் சொல்வேன்? அவர் என்னை நோகடித்தார். நன்றாகவே நோகடித்தார்.

கடற்றொழிலாளர் சங்கத்துக்கு நான் தலைவரானபோது ரெஜினா அக்காதான் செயலாளர். கூட்டம் தொடங்கினால் முதலில் சென்ற கூட்டத்தின் அறிக்கையை அவர் வாசிக்க வேண்டும். வேறு செயலாளர்கள் 'கலந்துரையாடப்பட்டது' என்று எழுதி ஆளைத் தப்பவைப்பார்கள். அக்கா நடந்ததை எழுதுவார். என் தலைமையில் நடந்த இரண்டாவது கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்: "மேரி பேச எழுந்தார். தலைவர் மூன்று தரம் இடைமறித்தார். மேரி அமர்ந்துவிட்டார்."

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சூடேறியது.

"அதை வெட்டுங்கோ அக்கா."

"நடந்ததோ, இல்லையோ?"

"நடந்ததுதான், எண்டாலும்…"

"அப்ப வெட்ட ஏலாது. திருத்த வேணுமெண்டால் ஆரும் முன்மொழியட்டும்."

ஒருவரும் கை உயர்த்தவில்லை.

மறுநாள் சண்டைக்கென்றே அவர் வீட்டுக்குப் போனேன். வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். "எனக்குத் தனியாச் சொல்லியிருக்கலாமே" என்று பாய்ந்தேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஊருக்கு முன்னால அவளின்ர வாயை அடைச்சனீர். உமக்கு மட்டும் ஒளிச்சு நிண்டே சொல்லுறது?" பிறகு கேட்டார்: "மேரி என்ன சொல்ல வந்தவள் எண்டு தெரியுமோ?"

தெரியாது. அக்காதான் சொன்னார்: படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் நண்டு கழற்றும் பெண்கள் எப்படி வருவார்கள் என்று கேட்கத்தான், அன்று வேலையைப் போட்டுவிட்டு மேரி வந்திருக்கிறார். நான் தலைவராக முன்பிருந்தே மூன்று கூட்டங்களுக்கு வராதவர்கள் என்று எட்டுப் பெண்களைச் சங்கத்திலிருந்து நீக்கும் கடிதத்தில் நான் அதற்குள் கையொப்பம் வைத்திருந்தேன். நல்லகாலம், கடிதம் இன்னும் போகவில்லை. கிழித்தேன். கூட்டத்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு என்று மாற்றினோம். எட்டுப் பேரும் வந்தார்கள்.

அத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதன்பிறகும் அவருடைய அறிக்கையில் பலமுறை அகப்பட்டேன். "உமக்கு நல்லாக் கதைக்கத் தெரியும், அதுதான் உம்மட கரைச்சல்" என்பார். கோபம் பொத்துக்கொண்டு வரும். இரண்டு நாள் போனால், அவர் எழுதியது சரி என்று தெரியும்.

இப்போது சிலர், அடுத்த செயலாளராகப் பக்குவமாக எழுதக்கூடிய ஒருவரைப் போடுவோம் என்கிறார்கள். எனக்கு நல்லது செய்வதாக எண்ணம். வேண்டாம். பக்குவமான அறிக்கையில் அந்த எட்டுப் பெயர்களும் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். அக்கா எனக்கு விட்டுப்போனது, சபை நடுவில் நான் பட்ட வெட்கம். அதை ஆறவிட மாட்டேன். அது ஆறிய அன்றைக்கு நான் தலைவர் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.