ஒருவருக்கு இரண்டு பேர்

சென்ட் லோரன்ட் மருந்துக் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கிய அந்த அண்ணைக்கு, மொன்றியல் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தானே முதலாளி என்று நினைப்பு. குள்ளமான, தொந்தி வைத்த மனிதர். பனியில் சறுக்கும் சப்பாத்தை ஒருநாளும் மாட்டியதில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் தினமும் சாப்பாட்டையே ஆட்டக்காரர்களாக்கி, அணிகள் ஆள் மாற்றுவதுபோல் கைமாற்றுவார். அவித்த முட்டைதான் கோல் காப்பாளர். என் மீன் பொரியலை எடுத்தால் இரண்டு வடை தருவார்.

"நல்ல ஆட்டக்காரனைக் குடுத்தா ரெண்டு பேரையாவது எடுக்கவேணும். இல்லாட்டி அவனுக்கு மரியாதை இல்லை."

ஒருநாள் மேற்பார்வையாளர் அவரை டோர்வல் கிடங்குக்கு மாற்றிவிட்டார். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தம்பி, என்னைக் குடுத்திட்டு ஆரை எடுக்கினம்?"

"ஒருத்தரையும் இல்லைப் போலை கிடக்கு, அண்ணை."

"அப்ப என்னைச் சும்மாதான் குடுத்திருக்கினம்" என்று சிரித்தார். மிச்சமிருந்த வடையை என் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தார். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெட்டிகள் மலையாய்க் குவிந்தன. வெள்ளிக்கிழமை அவருடைய இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். அதைச் சொல்ல அவருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.