உடைந்த மூலை

மகளின் பள்ளிக்கூடத்தில் பழவேற்காட்டுக்குப் புதையல் வேட்டை விளையாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அது என் ஊர் என்பதால் துணைக்குப் போனேன். கோட்டை மேடு, டச்சுக் கல்லறை என்று துப்புச் சீட்டுகளைத் தொடர்ந்து, கடைசியில் பழம்பொருள்கள் வைத்திருந்த ஓர் அறைக்கு வந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பீங்கான் தட்டு. நடுவில் நீலக் கப்பல், ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. உடைத்தது நான்தான்.

ஒன்பது வயதில், அம்மாவோடு ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவும்போது அது விரலில் தட்டுப்பட்டது. வீட்டில் கழுவும்போது கல்லில் இடித்துவிட்டேன். சேற்று வாடை போவதற்குள் நைனா பார்த்துவிட்டார்.

"கல்லறைக்காரங்க பொருளு இது. வீட்டுல வச்சா ஏரி கோச்சிக்கும்னு தெரியாதா உனுக்கு? குடு, முகத்துவாரத்துல போட்டுட்டு வரேன்."

எங்கள் குப்பத்தில் அதுதான் வழக்கம். அழுதுகொண்டே கொடுத்தேன்.

அந்த வாரம், பட்டணத்து சிநேகிதர் தந்ததாக நைனா ஒரு ரேடியோ கொண்டுவந்தார். அந்த மாதம் இறாலே படவில்லை. "இன்னா பண்றது, இவ கை வச்சதுக்கு ஏரி கோவத்தைக் காட்டுது" என்று ரேடியோவைத் திருகிக்கொண்டே எல்லாரிடமும் சொன்னார். அம்மா வெறும் கூடையோடு திரும்பிய நாளெல்லாம் நான் கரையில் நின்று ஏரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெட்டியின் கீழே, தட்டைக் கொடுத்தவர் என்று நைனாவின் பெயர் எழுதியிருந்தது.

மகள் போட்டோ எடுத்தாள். "தாத்தாவுக்கு அனுப்பட்டுமாம்மா? அவர் பாத்தே இருக்கமாட்டாரு."

"அனுப்பு," என்றேன். "அந்த உடைஞ்ச மூலை நல்லா தெரியிற மாதிரி எடுத்து அனுப்பு."