கண்ணாடித் தண்ணீர்

பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் அவரை எமன் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை. செய்கிற வேலை அப்படி. உடைக்க வந்த வண்டியின் எஞ்சினை யாரும் சத்தமில்லாமல் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டிவிடக் கூடாது, அதனால் அதை நிரந்தரமாகச் சாகடித்த பிறகுதான் வெட்ட அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. ஆயிலை வடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கெட்டியான திரவத்தை ஊற்றுவார். பார்க்கச் சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும். யார்டில் அதற்குக் கண்ணாடித் தண்ணீர் என்று பெயர். ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால், சூட்டில் அது உள்ளேயே கண்ணாடி போல இறுகிவிடும். ஒரு பாட்டு முடிகிற நேரத்துக்குள் எஞ்சின் திணறி, முனகி, அப்படியே நின்றுபோகும். அதன் பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் அதை அசைக்க முடியாது.

புது வண்டிகள் சீக்கிரம் அடங்கிவிடும். பழசுகள்தான் அவர் உயிரை வாங்கும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் அந்தக் கதைகளைச் சொல்லச் சொல்லித்தான் மற்றவர்கள் கேட்பார்கள். ஏர் ஃபில்டருக்குள் எலி குட்டி போட்டிருந்த கார். வெள்ளத்தில் கூரை வரை மூழ்கி, பிளக்கைக் கழற்றியதும் சேற்றுத் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, பேட்டரி கொடுத்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடிய கார். ஆயில் வாங்கச் சோம்பல்பட்டு, கடையில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை ஊற்றி ஒருவன் டாக்சி ஓட்டியிருக்கிறான். பானெட்டைத் திறந்தால் பசிக்குமாம். "அந்தக் காலத்துல இரும்பைக் கணக்குப் பாக்காமப் போட்டிருக்கானுங்க. எவ்வளவு வதைச்சாலும் தாங்கும்," என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும், தானே வார்த்துக் கொடுத்த மாதிரி.

ஒரு காரைப் பற்றி மட்டும் அவர் அங்கே பேசியதில்லை.

பின்பக்கம் நீண்ட நீலக் கார் அது. உடைப்பதற்கென்றே யார்டுக்கு வந்தது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் அவருக்குக் கை வரவில்லை. பேப்பரெல்லாம் இன்னும் உயிரோடு இருந்ததால் மேனேஜரைக் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி, விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணி, வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரே மகனுக்குக் கொடுத்தார். மகன் அதில் சரக்கு ஏற்ற ஆரம்பித்தான். டைல்ஸ், பெயிண்ட் டின், வாடகை நாற்காலி என்று எதைக் கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டான். நன்றாகத்தான் உழைத்தான். வீட்டுக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி வந்தது, அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி வந்தது. ஆனால் வண்டியைக் கவனிப்பது என்பது மட்டும் அவன் சுபாவத்திலேயே இல்லை. ரேடியேட்டர் ஒழுகினால் வழியில் எந்தக் குழாய் தென்படுகிறதோ அங்கே நிறுத்தித் தண்ணீர் பிடித்து ஊற்றுவான். ஆயில் குறைந்தால் ஒர்க்‌ஷாப்புகளில் மற்ற வண்டியிலிருந்து வடித்து வைத்த கறுப்பு ஆயிலை ஓசியில் வாங்கி ஊற்றுவான். சூடு ஏறி எஞ்சின் கருகின வாடை அடித்தால் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்வான்.

அப்பாவுக்கு அது நெஞ்சில் குத்தும். கார் தெருமுனையில் திரும்பும்போதே அவர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். இன்று வால்வு தட்டுகிறது, இன்று ஃபேன் பெல்ட் கத்துகிறது, இன்று ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அவன் இறங்குவதற்குள் பட்டியல் தயாராக இருக்கும். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் திட்டு ஆரம்பித்துவிடும். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"ஓடுதில்லப்பா, விடுங்க," என்பான்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வண்டிக்கு ஆயில் ஊத்துனியான்னு தினமும் கேக்குறீங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாள் கேளுங்கப்பா."

சமையலறையிலிருந்து அவன் அம்மாவும் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

அந்த வருஷம்தான் அவன் உடம்பு உள்ளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சரக்கு தூக்கித் தூக்கி இடுப்பு வலி. அதற்குக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. மாத்திரை போட்டால் மறுபடி ஓடலாம். காலையில் பல் தேய்க்கும்போது குமட்டும். பித்தம் என்பான். முகம் உப்பியிருக்கும். தூக்கம் சரியில்லை என்பான். ஒரு முறை அவர் ஸ்பேனர் தேடி காரின் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தபோது, காலியான மாத்திரை அட்டைகள் மடியில் வந்து கொட்டின. இத்தனையா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு அவற்றை அள்ளி உள்ளே திணித்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஒழுகுகிற குழாயை இறுக்கப் போய்விட்டார்.

ஒரு மத்தியானம் அவன் ஏதோ கிடங்கு வாசலில் சரக்கை இறக்கிவிட்டு, கார் ஓரமாகவே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டன. இது நேற்று இன்று வந்தது இல்லை. ரத்த அழுத்தம் எப்போதிருந்தோ எகிறிக் கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இத்தனை நாள் உங்கள் பையன் எழுந்து நடமாடியதே பெரிய விஷயம் என்றார். அம்மா தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்கான பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தன. அவை முடிவதற்குள் ஒரு நாள் ரத்தம் சுத்திகரிக்கும் படுக்கையிலேயே அவன் இதயம் நின்றுவிட்டது.

கிடங்கு வாசலிலிருந்து யாரோ காரை ஓட்டிவந்து வீட்டெதிரே தெருவோரத்தில் விட்டிருந்தார்கள். அது அங்கேயே நின்றது. தார்ப்பாயை எடுத்துப் போர்த்தியது அவன் அம்மாதான். எடைக்காவது போட்டுவிடலாம் என்று ஒரு முறை அவர் பேச்செடுத்தார். அவள் எழுந்து உள்ளே போனாள்; அதோடு அந்தப் பேச்சு நின்றது. மழை பெய்தது, வெயில் காய்ந்தது, தார்ப்பாய் கிழிந்தது, டயர்கள் தரையோடு தரையாக உட்கார்ந்தன. பூனைகள் அடியில் குடித்தனம் நடத்தின. நாலு வருஷம் போனது. கடைசியில் தெருவை அகலப்படுத்துகிறோம், வண்டியை எடுக்காவிட்டால் நாங்களே எடுப்போம் என்று நகராட்சிக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பேப்பரெல்லாம் காலாவதியாகி விட்டது. உடைப்பதைத் தவிர வழியில்லை. எந்த யார்டுக்குப் போகும் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

யார்டுக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் ஒரு இளம்பெண். வேறு ஆளை வைத்து முடித்துவிடலாம், நீங்கள் அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் தனியாகச் சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு யாராவது செய்தால் அரைகுறையாகச் செய்வார்கள், பாதி உயிரோடு கிடக்கும் என்றார். கட்டிய புடவையோடு அவர் மனைவியும் இழுவை வண்டிக்குப் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெளி ஆட்களை உள்ளே விடக் கூடாது. மேனேஜர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது என்றுதான் அவர் நம்பினார். ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டார் என்றே சொல்லலாம். ஆகவில்லை என்றால் கண்ணாடித் தண்ணீருக்கு வேலையில்லை. எஞ்சின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு அனுப்பிவிடலாம். நாலு வருஷம் கிடந்த இரும்பு. துருப்பிடித்து இறுகியிருக்கும். பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு கேனிலிருந்து புது பெட்ரோல் கொடுத்தார். யார்டு பேட்டரியை மாட்டினார். சாவியைத் திருப்பினார்.

ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு நீலப் புகையைக் கக்கிக்கொண்டு அது ஓட ஆரம்பித்தது. வால்வு தட்டுகிற அதே சத்தம்.

அவர் மனைவி பானெட்டின் மேல் கையை வைத்தாள். தகரம் அதிர்ந்தது.

"எப்படிங்க?" என்றாள்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவரிடம் அரை மணி நேரத்துக்குப் பதில் இருக்கும். "எப்படியோ," என்றார்.

கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஓடவிட்டார். பிறகு நிறுத்தி, அடியில் தட்டை வைத்து ஆயிலை வடித்தார். தார் போல இறங்கியது. மகன் எங்கோ ஓசியில் வாங்கி ஊற்றிய ஆயில். சொட்டு நிற்கும் வரை குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, மூடியை இறுக்கி, கண்ணாடித் தண்ணீரை ஊற்றினார்.

ஆக்சிலரேட்டரை அழுத்த ஒரு கட்டை உண்டு. அதை எடுக்க அவர் திரும்பியபோது மனைவி கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நானே மிதிக்கிறேன்," என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. கையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு அவரே சாவியைத் திருப்பினார்.

ஒரு பாட்டு முடிகிற நேரம் போனது. அது ஓடியது. இன்னொரு பாட்டு நேரமும் போனது. உள்ளே கல்லை அரைப்பது போல ஒரு சத்தம் எழுந்தது, ஆனாலும் ஓடியது. வெட்டுகிற பகுதியில் கேஸ் கட்டரை அணைத்துவிட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. கார் முழுவதும் உதறியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் தோள்களும் கூடவே உதறின. எத்தனையோ எஞ்சின்களைப் பார்த்தவர்தான், ஆனால் இப்படி ஒன்று தாக்குப்பிடித்து அவர் பார்த்ததில்லை.

"போதும்டா," என்றாள் அவள், மெல்ல. "போதும்."

கால் தளர்ந்தது. எஞ்சின் சத்தம் இறங்கியது. அவர் குனிந்து அவள் முழங்காலில் கையை வைத்தார்.

"எடுக்காத," என்றார். "பாதியில விட்டா அது இன்னும் கொடுமை."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தாள். ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. அடுத்த மூச்சில் எல்லாம் நின்றுவிட்டது. சூடான இரும்பு டிக், டிக் என்று ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவளால் இறங்க முடியவில்லை. கால் பெடலிலேயே மரத்துப்போயிருந்தது. அவர் தரையில் மண்டியிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்து வெளியே வைத்தார். செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது; அதையும் எடுத்து மாட்டிவிட்டார்.

யார்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வந்த பஸ்ஸில் அவள் ஏறவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

"அவன் எங்கிட்ட சொன்னான்," என்றாள்.

"எதை?"

"கால் வீங்குதுன்னு. ஒண்ணுக்குப் போனா நுரையா வருதுன்னு. படுக்கையில விழறதுக்கு முன்னாடியே சொன்னான், ரொம்ப நாள் முன்னாடி. அப்பாகிட்ட சொல்லாதம்மா, சாவியை வாங்கி வெச்சுக்குவாருன்னான். சரி, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்னு நானும் இருந்துட்டேன்."

நாலு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, இதை மறைத்து வைத்திருந்தாளா? கேட்டுவிடத்தான் திரும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்பது போல. அப்போதுதான் மடியில் கொட்டிய மாத்திரை அட்டைகள் அவர் நினைவுக்கு வந்தன. அதை அவரும்தான் இவளிடம் சொல்லவில்லை.

இன்னொரு பஸ் வந்து போனது.

"மாத்திரையை நான் பார்த்தேன்," என்றார். "வண்டியில. அட்டை அட்டையா கெடந்துச்சு. பாத்துட்டு மூடிட்டேன்."

அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டமாக இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் டயர் பிரிக்கும் பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். சம்பளம் குறைவு, பரவாயில்லை என்றார். வீட்டில் சில வாரம் பேச்சே இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சொல்ல இருந்ததையெல்லாம் சொல்லி முடித்த இரண்டு பேருக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஒருவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் வெளியே வராமல் இருந்தால், மற்றவர் கதவைத் தட்டுவதில்லை.

இப்போது மாதத்துக்கு ஒரு முறை அவளை அவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் என்று எல்லாம் பார்க்க வேண்டும். போன மாதம்தானே பார்த்தோம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அங்கிருக்கும் டாக்டரே சலித்துக்கொள்கிறார். இவர் விடுவதில்லை. முகம் கொஞ்சம் உப்பியிருக்கிற மாதிரி இல்லையா என்று கேட்கிறார், கணுக்காலை அழுத்திக் காட்டுகிறார், ரிசல்ட்டைப் படித்துக் காட்டச் சொல்கிறார். அவள் எதையும் மறுப்பதில்லை. கையை நீட்டு என்றால் நீட்டுகிறாள்.

ஒரு முறை மட்டும், வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"தெரியும்," என்றார். "இருந்தாலும் பாத்துடலாம்."